பொட்டு வச்ச வண்டி

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நின்னுக்கிட்டே வானத்தப் பாத்தா மட்டும் சீக்கிரம் வந்துரவா போகுது? அந்தா, தோப்புக்கு அந்தப் பக்கம் போயிருக்கு. சத்தம் கேக்குதுலா? புல்லட் வண்டி ஓடுத மாதிரி. மணல்திட்டைச் சுத்தி, கடலோரமாப் போயி, கலங்கரை விளக்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பிரும். நீங்க இந்தச் சுண்டலத் தின்னு முடிக்கதுக்குள்ள வந்துரும். சாப்பிடுங்க. நேத்து பூசைச் சுண்டல்னு நெனைக்காதீங்க, இன்னைக்கிக் காலையில புதுசா அவிச்சது.

எம் பேரு நயினார். இந்தப் படகுத் துறைக்கு நாந்தான் மேனேசரு. போர்டுல அப்பிடித்தான் போட்டிருக்கு, ஆனா டிக்கெட் கிழிக்கது, பெடல் படகுக்கு கிரீஸ் அடிக்கது, வாற ஆளுக்கு டீ சொல்லுதது எல்லாம் நாந்தான். முதலாளி துபாயில இருக்காரு. அங்க உக்காந்துக்கிட்டு இந்தக் காயல்ல பிளேன் விடணும்னு ஆசப்பட்டாரு, விட்டாச்சு. நாங்க வண்டின்னுதான் சொல்லுவோம். ரெண்டே ரெண்டு சீட்டு. கீழ ரெண்டு மிதவை, சின்னப் படகு ரெண்டப் பக்கத்துல பக்கத்துல போட்டு அதுமேல றெக்கைய வச்ச மாதிரி. மிதவைக்குள்ளயே சக்கரமும் மடங்கிக் கெடக்கும். தண்ணியிலயும் எறங்கும், தரையிலயும் எறங்கும்.

உங்க பொண்ணு பேரு என்ன சொன்னீங்க? மதுவந்தி. நல்ல பேரு. கொடுத்து வச்ச புள்ள மேடம். இன்னைக்கி விசயதசமி, எந்தக் காரியம் தொடங்குனாலும் வெளங்கும். எம் மவன் கேப்டனா உக்காருத முதல் ஓட்டம் இது. அதுல முதல் ஆளா ஏறியிருக்கது உங்க பொண்ணு.

எதுக்கு எந்திரிக்கீங்க? உக்காருங்க, உக்காருங்க. முதல்னா அப்பிடி முதல் இல்ல. வெளியூர்ல போயிப் படிச்சு லைசென்சு வாங்கிட்டுத்தான் வந்திருக்கான். இங்க வந்தும் மாசக்கணக்கா வியான்னி பக்கத்துல உக்காந்து ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தான். இன்னைக்கி வியான்னி பக்கத்துல இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

வியான்னி யாருன்னு கேக்கீங்களா? துறையில அந்த மஞ்சப் படகுல ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க, தாடி வச்சவன், நம்மளப் பாக்காம வானத்தையே பாத்துக்கிட்டு. அவந்தான். வியான்னி மோத்தா. இன்னைக்கிக் காலையில வரைக்கும் அவந்தான் இங்க கேப்டன். அது மீட்புப் படகு. ஒண்ணு கெடக்கணும்னு சட்டம், அதனால கெடக்கு. அதுல போயி அவன் எதுக்கு உக்காந்திருக்கான்னு கேட்டா, கோவம். வேற என்ன? என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

ஆளு கெட்டிக்காரன், இல்லேங்கல. ஆனா அவங்கிட்ட ஒரு நோய் உண்டு. வண்டி கெளம்புததுக்கு முன்னாடி அதச் சுத்திச் சுத்தி வருவான். றெக்கையப் புடிச்சு ஆட்டுவான். கம்பியச் சுண்டுவான். ஒவ்வொரு போல்ட்டையும் விரலால தடவுவான். பெட்ரோல ஒரு கண்ணாடிக் குழாயில புடிச்சு, வெயிலுக்கு நேரா காட்டி, அடியில தண்ணி நிக்குதான்னு பாப்பான். அப்புறம் மிதவை. அதுக்குள்ள தனித்தனியா அறை அறையா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் பம்பைச் சொருகி உறிஞ்சுவான். எங்கயாவது கசிஞ்சு உள்ள தண்ணி போயிருக்குமாம். கெளம்பும்போது அந்தத் தண்ணி பின்னால ஓடும், எறங்கும்போது முன்னால ஓடும், வண்டி மூக்கு குத்திக் கவுந்துரும்பான். இதெல்லாம் எப்ப? சனம் டிக்கெட் வாங்கிட்டு வரிசையில நிக்கும்போது! கல்யாண மேடையில மாப்பிள்ளைய நிக்க வச்சு டாக்டர் வந்து நெஞ்சு நெஞ்சாத் தட்டிப் பாத்தா பொண்ணு வீட்டுக்காரன் என்ன நெனப்பான்? அந்தக் கததான். விருதுநகர்ல இருந்து வந்த ஒரு குடும்பம் அவன் பம்பு அடிக்கதப் பாத்துட்டு, எங்களுக்குப் பெடல் படகே போதும்னு போயிட்டாங்க.

அதனால நான் ஒரு ஏற்பாடு பண்ணேன். நீலத் தார்ப்பாயக் கட்டி விட்டேன். உன் சோதனையெல்லாம் விடியக்காலம் அதுக்குப் பின்னால வச்சுக்கோ தம்பி, ஒரு தடவ பாத்தா அன்னைக்குப் பூரா போதும்னேன். கேக்கணும்லா? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல பாத்தான். இப்பதான போயிட்டு வந்தது, அதுக்குள்ள என்னடே ஆயிரப் போகுதுன்னேன். "என்ன வேணும்னாலும் ஆகும் அண்ணாச்சி"ங்கான். இப்பிடிப் பேசுத ஆள வச்சுக்கிட்டு நான் எப்பிடி யாவாரம் பண்ண?

இன்னொண்ணு கேளுங்க. பெட்ரோல் டாங்கு மூடியில ஒரு ஓட்டை உண்டு, ஊசி நுழையுத அளவு. ஏணியப் போட்டு ஏறி, அதுல வாய வச்சு ஊதிப் பாப்பான். "என்ன தம்பி, புல்லாங்குழலா?"ன்னு கேட்டேன். அவனுக்குச் சிரிப்பே வராது. "பெட்ரோல் கீழ எறங்க எறங்க மேல காத்து உள்ள போகணும் அண்ணாச்சி. குளவி மண்ணு வச்சு அடச்சிருந்தா, கெளம்பும்போது ஒண்ணும் தெரியாது. கொஞ்ச தூரம் போன பெறகு பெட்ரோல் எறங்காம இஞ்சின் நின்னுரும்"னான். குளவியாம்! நானும் இத்தன நாளா இங்கதான் இருக்கேன், ஒரு குளவிய நான் பாக்கல.

சத்தம் கேக்குதுலா? கேக்கும். தோப்பு மறைக்கி, அதான் கொறஞ்சு கேக்கு. டீ சொல்லட்டுமா? இஞ்சி போட்டு?

எனக்கு அவம்மேல இருந்த மனத்தாங்கல் இந்தத் தார்ப்பாய் வெவகாரம் இல்ல மேடம். அது சும்மா. எம் மவன் விசயத்துல அவன் பண்ணதுதான் எனக்குப் பொறுக்கல. எம் மவன் பேரு மாசானமுத்து. சட்டையில பாத்திருப்பீங்களே, கேப்டன் என். மாசானமுத்துன்னு. கூடப் படிச்ச பயலுவ எல்லாம் பேர மாத்து, மைக்குல சொன்னா நல்லாருக்காதுன்னு சொன்னானுவ. எங்க அப்பா வச்ச பேருன்னு ஒத்த வார்த்த சொன்னேன், மாத்தல. அப்பிடிப்பட்ட புள்ள. இந்தக் காலத்துல எவன் கேக்கான் சொல்லுங்க?

அவன் லைசென்சு வாங்கிட்டு வந்தான். ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு. முதலாளியும் போன்ல, உங்க மகன் தனியா ஓட்டலாமேன்னுட்டாரு. வியான்னி மட்டும் விட மாட்டேங்கான். "இன்னும் கொஞ்ச நாளாவட்டும் அண்ணாச்சி". எப்பக் கேட்டாலும் அதே பதில். சித்திரை போச்சு, ஆடி போச்சு, கொஞ்ச நாளாவட்டும். எனக்கு வீட்டுல சோறு எறங்கல. சொந்தக்காரன் எல்லாம் கேக்கான், என்ன நயினார், மகன் இன்னும் கிளீனராத்தான் போறானான்னு. பிளேனுக்குக் கிளீனர்! எப்பிடி இருக்கும் எனக்கு?

ஒரு நாள் நேராவே கேட்டேன். "ஏன் தம்பி, அவனுக்குக் கை நடுங்குதா?"

"கை நல்லாருக்கு அண்ணாச்சி. என்னை விட நல்ல கை."

"கண்ணு?"

"கண்ணும் நல்லாருக்கு."

"அப்பம் என்னதான்டே கொற?"

கையில இருந்த ஸ்பானரக் கீழ வச்சான். பெறகு சொல்லுதான், "யாரு சொன்னாலும் கேட்டுக்கிடுதான் அண்ணாச்சி. அதான் எனக்குப் பயமா இருக்கு. இந்த சீட்டுல உக்காருதவனுக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியணும். வண்டி ஓட்டப் படிக்கது லேசு. அது அவனுக்கு வர மாட்டேங்கு."

பாத்தீங்களா மேடம்? புள்ள சொன்னா கேக்கான்னு ஒரு குத்தம்! நீங்க புள்ள வளத்தவங்க, நீங்க சொல்லுங்க, உலகத்துல யாராவது இதக் குத்தம்னு சொல்லுவாங்களா? நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பொறாமை. இத்தன காலமா இவன் ஒருத்தந்தான் கேப்டன், இன்னொருத்தன் வந்தா மவுசு போயிரும்லா. விசயதசமி வரட்டும்னு காத்திருந்தேன்.

நேத்து ஆயுத பூசை. பூசைய நான் எப்பவும் ஒரு கொறையும் வைக்காம செய்வேன். வண்டியத் தரையில ஏத்தி, நல்ல தண்ணியில கழுவி, தொடச்சு, வாழக்கன்னு கட்டி, மாலை போட்டு, பூசணிக்கா உடச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு உருட்டி, மறுபடியும் தண்ணியில எறக்கிக் கட்டி வச்சோம். மாலைய மட்டும் கழட்டிருங்க அண்ணாச்சி, விசிறியில மாட்டும்னு வியான்னி சொன்னான். சரின்னு கழட்டிட்டேன். நான் பிடிவாதக்காரன் இல்ல. அவனும் நல்லாத்தான் நின்னான். பொரி வாங்கிட்டு, துன்னூறு பூசிக்கிட்டு, மத்தியானமே வீட்டுக்குப் போயிட்டான். அவன் போன பெறகுதான் நான் பொட்டு வச்சேன், என் கையால.

போன வருசம் வச்ச பொட்டு ஒரே ஓட்டத்துல காத்துல உதிர்ந்து போச்சு. மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு. அதனால இந்த வருசம் சந்தனத்தக் கெட்டியாக் கரைச்சு, கொஞ்சம் மைதாப் பசையும் சேத்தேன். காஞ்சதுன்னா சிமிட்டி மாதிரி. அசையாது. மூக்குல ஒண்ணு, கதவு ரெண்டுலயும் ஒவ்வொண்ணு, மிதவை ரெண்டுலயும், விசிறி நடுவுல. பெட்ரோல் மூடியில நட்ட நடுவுல ஒண்ணு, நல்லா பெருசா. அதுதான வண்டிக்கு வயிறு? வயித்துக்கு வாழ்த்து சொல்லாம மூஞ்சிக்கு மட்டும் சொன்னா எப்பிடி? அதுமேல குங்குமம். போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்புனேன், நயினார் நீங்கதான் சரியான ஆளுன்னு பதில் போட்டிருந்தாரு.

அப்புறம் ஆயுதம். பம்பு, ஸ்பானர், டார்ச்சு, அந்தக் கண்ணாடிக் குழாய், ஏணி, எல்லாத்தையும் ஆபீசுல சாமி படத்துக்கு முன்னால அடுக்கிப் பொட்டு வச்சுப் பூட்டியாச்சு. பூசையில வச்சதத் தொடக் கூடாதுலா? முதலாளியம்மா வந்து கற்பூரம் காட்டி எடுத்துக் குடுத்த பெறகுதான் கை வைக்கணும். வருசா வருசம் அப்பிடித்தான். அவங்க மதுரையில இருந்து வரணும், இன்னைக்கி மத்தியானத்துக்கு மேலதான் வருவாங்க. ஆனா கன்னி ஓட்டத்துக்கு ஐயர் குறிச்சுக் குடுத்த நேரம் காலையில. சரி, ஓட்டம் வேற, ஆயுதம் வேறதான. ஓட்டம் முதல்ல போகட்டும், ஆயுதத்த அம்மா வந்து எடுத்துக் குடுக்கட்டும்னு வச்சுக்கிட்டேன். இதுல என்ன தப்பு?

காலையில வியான்னி வந்தான். வண்டியப் பாத்த ஒடனே அவன் முகமே மாறிட்டு. "இடது மிதவை தாந்து நிக்கு அண்ணாச்சி. ராத்திரி தண்ணி எறங்கியிருக்கு. பம்பு எங்க?" பூசையில இருக்குன்னேன். "சாவியத் தாங்க." தர மாட்டேன்னேன். கொஞ்சம் சாஞ்சாப்லதான் இருந்துச்சு, அது காத்துக்குச் சாயுததுன்னு எனக்குத் தெரியாதா? பெறகு மேல பாத்தான். மூடியில பொட்டப் பாத்துட்டான். "இத மட்டுமாவது தொடச்சிருதேன்"னு மிதவையில கால வச்சு ஏறப் போனான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். விசயதசமி அன்னைக்கி வண்டிப் பொட்ட அழிக்கதுக்கும் சுமங்கலி நெத்திக் குங்குமத்த அழிக்கதுக்கும் என்ன வித்தியாசம்? அதுவும் எம் மவன் முதல் ஓட்டத்துல? நான் கத்திட்டேன். "நீ வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், உனக்கு எங்க சாமி எளக்காரமாப் போச்சா?"ன்னுட்டேன். சனம் எல்லாம் திரும்பிப் பாத்துச்சு.

அவன் கத்தல. அதுதான் அவங்கிட்ட எனக்குப் பிடிக்காதது, கத்தவும் மாட்டான். "நான் சாமியச் சொல்லல அண்ணாச்சி, ஓட்டையச் சொல்லுதேன். வேற எங்க வேணும்னாலும் வைங்க, நானே வச்சு விடுதேன். அதுல வேண்டாம்"னான். எல்லாம் சாக்கு மேடம். எனக்குத் தெரியாதா? இன்னைக்கி எம் மவன் ஏறிரக் கூடாது, அவ்வளவுதான் அவன் கணக்கு.

"இத இப்பிடியே எடுக்கதுன்னா நான் ஏற மாட்டேன்"னான். நீ ஏறவே வேண்டாம்டே, இன்னைக்கி ஏறப் போறது வேற ஆளுன்னேன். துபாய்க்குப் போனப் போட்டேன். முதலாளி தூக்கக் கலக்கத்துல, விசேச நாளு, சனம் வரும், நிறுத்திராதீங்கன்னுட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டே கேக்க வச்சேன்.

அப்பவும் விடல. மாசானத்துக்கிட்ட போனான். "மாசானம், இப்ப நீதான் கேப்டன். உங்க அப்பா இல்ல, முதலாளி இல்ல, நீதான். முடியாதுன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்த"ங்கான். எம் மவன் என்னையப் பாத்தான். நான் ஒண்ணும் சொல்லல மேடம், சத்தியமாச் சொல்லுதேன். சும்மா பாத்தேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயி சீட்டுல ஏறிட்டான்.

அதுக்காக எம் மவன் ஒண்ணும் பாக்காம கெளம்பிட்டான்னு நெனைக்காதீங்க. ஏறுன பெறகும் எறங்கி, வியான்னி பண்ணுத மாதிரியே ஒரு சுத்து சுத்தி வந்தான். றெக்கையப் புடிச்சு ஆட்டுனான். கம்பியச் சுண்டுனான். மிதவையில கால வச்சு எட்டி மூடிக்கிட்ட கையக் கொண்டு போனான், நகத்தால சொரண்டப் பாத்தான். "ஏலே, பொட்டு கலஞ்சிரும்லே"ன்னேன். கைய எடுத்துட்டான். நேரம் வேற போய்க்கிட்டிருந்துச்சு.

அந்த நேரத்துக்குச் சரியா நீங்களும் பொண்ணும் வந்து எறங்குனீங்க. லட்சுமி வந்த மாதிரி இருந்துச்சு. உங்ககிட்ட வியான்னி என்னமோ சொல்ல வந்தான்லா? "அம்மா, இன்னைக்கி"ன்னு ஆரம்பிச்சான். நாந்தான் தோள்ல கையப் போட்டு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டேன். வந்த ஆளுகிட்ட போயி நம்ம சண்டையெல்லாம் சொல்லலாமா? என்ன சொல்ல வந்தான்னு இப்பக் கேக்கீங்க. என்னத்தச் சொல்லுவான். இதத்தான்.

பொண்ணுக்கு லைஃப் ஜாக்கெட்ட மாசானமே மாட்டி விட்டான், பாத்தீங்களா? வார்ப்பட்டைய ஒவ்வொண்ணா இழுத்து இழுத்து. பொறுப்பான புள்ள. அவனும் ஒண்ணு எடுத்தான். நாந்தான் வேண்டாம்ல, போட்டோ எடுக்கணும், தோள்பட்டையில கேப்டன் கோடு தெரியாதுன்னேன். புதுச் சட்டை மேடம். நெல்லையில தைக்கக் குடுத்து வாங்குனது. அவங்க அம்மா ராத்திரி பூரா அதத் தேய்ச்சா.

கெளம்பும்போது கொஞ்சம் இழுத்துச்சு, அத நீங்களும் பாத்தீங்க. மத்த நாள்ல அந்த வெள்ளைக் கம்புகிட்ட தண்ணிய விட்டு எந்திரிச்சிரும். இன்னைக்கி அதத் தாண்டி, நாணல் வரைக்கும் ஓடி, ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு, அப்புறந்தான் எந்திரிச்சுது. பூசணிக்காயும் மாலையும் தின்ன வண்டி, கொஞ்சம் அசமந்தமாத்தான் இருக்கும். எந்திரிச்சிட்டாம்லா? எந்திரிச்சதும் சனம் எப்பிடிக் கை தட்டுச்சு! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எங்க அப்பா இந்தக் காயல்ல அடுத்தவன் படகுல கூலிக்குத் துடுப்பு போட்டாரு. அவரு பேரன் அதுக்கு மேல பறந்து போறான். நீங்க உங்க பொண்ணப் பாத்துக் கைய ஆட்டுனீங்க, நான் எம் மவனப் பாத்து. ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான இருக்காங்க.

டீ வந்துட்டு, புடிங்க. சூடா இருக்கு, பாத்து.

என்ன, சத்தம் மாறுதா? ஆமா, கொஞ்சம் இருமுத மாதிரி கேக்கு. அது ஒண்ணுமில்ல, திரும்பும்போது அப்பிடித்தான் இருக்கும். வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், கியர் மாத்தும்போது ஒரு மூச்சு வாங்கும்லா. இதுல கியர் உண்டா இல்லையான்னு எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா அது மாதிரித்தான் என்னமோ. இந்தா, மறுபடியும் நல்லாக் கேக்கு பாருங்க. கேக்குதா? ... இப்ப மறுபடியும் இருமுது.

செல்லுக்குப் போடாதீங்க மேடம், அங்க எடுக்க மாட்டாங்க. எடுக்கவும் கூடாது.

வியான்னி ஏன் படகுல எந்திரிச்சு நிக்கான்? ஏலே, உக்காருல! சனத்தப் பயமுறுத்தாத! பாத்தீங்களா, அவன் நிக்கதப் பாத்து எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க. இதத்தான் சொல்லுதேன். அவன் ஒருத்தன் இருந்தா இந்தத் துறையில ஒருத்தனுக்கும் நிம்மதி இருக்காது. ஒரு நிமிசம் சும்மா இருங்க எல்லாரும், ரேடியோவ நிறுத்துங்கடே. கேக்கட்டும்.

கேக்கல.

காத்து மாறியிருக்கும். இந்த நேரத்துக்குக் காத்து கடல் பக்கம் திரும்பிரும், அப்பம் சத்தம் இங்கிட்டு வராது. இல்லேன்னா எறங்கியிருப்பான். ஆமா, மணல்திட்டுக்கிட்ட தண்ணியில எறங்கி உங்க பொண்ணுக்குப் பறவை காட்டிக்கிட்டிருப்பான். எறங்குனா இஞ்சின நிறுத்திருவாங்க. எறங்கச் சொல்லி நான் சொல்லல, ஆனா எறங்கியிருக்கலாம்லா? நீங்க ஏன் இப்பிடிப் பாக்கீங்க? எம் மவனும் அதுலதான் இருக்கான்.

ஏலே வியான்னி! யாரக் கேட்டு எடுக்க படக? எங்க ஓடுதான் இவன்? மீன் வெட்டுத பொம்பளைகிட்ட என்னத்தப் புடுங்குதான்? கத்தி. கத்திய எடுத்துட்டு ஓடுதான் மேடம். ஏலே, கத்தி எதுக்குலே?

சீட்டு பெல்ட்ட அறுக்கதுக்குங்கான்.

பெல்ட்ட எதுக்கு அறுக்கணும்? அமுக்குனா கழண்டுரும்லா அது. நானே அமுக்கிப் பாத்திருக்கேன், லேசாக் கழலும். தலகீழாத் தொங்குனாலா கழலாது? யாரு தலகீழாத் தொங்குதா? ஏலே, என்னையும் ஏத்திக்கிட்டுப் போல! வியான்னி! தம்பி! நில்லு தம்பி!

போயிட்டான்.

அந்தா, திட்டுக்கிட்ட ஒரு வலைக்காரன் துண்ட ஆட்டுதான். நம்மளப் பாத்துத்தான் ஆட்டுதானா? சும்மாவா ஆட்டுதான்? தங்கச்சி, அழாதீங்க. என் கைய இப்பிடிப் புடிக்காதீங்க, விடுங்க, நான் எங்கயும் ஓடல. வாங்க, நாம போவோம். இந்த அன்னப்பட்சிப் பெடல் படகுதான் இருக்கு, இதுல ஏறுங்க. பாத்து, கால வழுக்கும். ஏறிட்டீங்களா? மிதிங்க. நானும் மிதிக்கேன். நேரா அந்தத் துண்டப் பாத்து மிதிங்க.

மூடிய நகத்தால சொரண்டுனாம்லா. கொஞ்சமாவது பேந்திருக்கும். பேந்திருக்கும்லா தங்கச்சி? நான் சொல்லுததுக்கு முன்னாடியே கொஞ்சம் சொரண்டியிருப்பான்.

மதுவந்திக்கு நீச்சல் தெரியுமா? தெரியும்கீங்களா? நல்லது. நல்லது. நல்ல காரியம் பண்ணீங்க. மிதிங்க, நிறுத்தாதீங்க.

எம் மவனுக்குத் தெரியாது தங்கச்சி. எங்களுக்கு ஒத்தைக்கு ஒரு புள்ள. காயல்கரையில வீடு, எந்நேரமும் தண்ணி. எங்க போயி விழுந்துருவானோன்னு பயம் எனக்கு. அவன் வயசுப் பயலுவ எல்லாம் இந்தத் துறையில குதிச்சுக் கெடப்பானுவ, இவன் மட்டும் படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான். தண்ணியில எறங்காதலேன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒரே ஒரு தடவதான் சொன்னேன். கேட்டுக்கிட்டான்.